பழைய ராணுவ ரைபிள்களுக்கு நகல் கட்டுகிறவர்கள்: அமெரிக்கச் சட்டம் வடிவம் கொடுத்த ஒரு பொழுதுபோக்கு

அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டம் பற்றிய செய்திகளில் மூன்று வெவ்வேறு பொருட்கள் அடிக்கடி ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. ஒன்று, ராணுவம் உண்மையிலேயே பயன்படுத்திய அசல் துப்பாக்கி. இரண்டாவது, வரிசை எண்ணே இல்லாமல் வீட்டில் முடிக்கப்படும் ‘பேய்த் துப்பாக்கி’. மூன்றாவது, வியட்நாம் போரிலோ இரண்டாம் உலகப் போரிலோ சிப்பாய் சுமந்த ரைபிளைப் போலவே இருக்கும்படி ஆர்வலர்கள் பாகம் பாகமாகத் தேடிக் கட்டும் நகல். இந்த மூன்றாவதைத்தான் அங்கே ‘குளோன்’ என்கிறார்கள்.

2025 மார்ச்சில், வீட்டில் பூட்டிக்கொள்ளும்படி பாகங்களாக விற்கும் துப்பாக்கிக் கிட்கள் பற்றி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. 2026 ஜனவரி 1 முதல் குட்டைக் குழல் ரைபிளைப் பதிவு செய்வதற்கான 200 டாலர் வரி பூஜ்யமாகிவிட்டது. இந்த இரண்டில் எது குளோன் கட்டுகிறவர்களைத் தொடுகிறது, எது தொடவில்லை என்று புரிய வேண்டுமானால் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

துப்பாக்கியில் எது ‘துப்பாக்கி’?

ஒரு ரைபிளில் குழல், பின்கட்டை, கைப்பிடி, விசைத் தொகுதி, குறிபார்க்கும் அமைப்பு, தோட்டா அடைக்கும் மேகசின் எனப் பல பாகங்கள் உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்துக்கு இவற்றில் ஒன்றே ஒன்றுதான் துப்பாக்கி: ரிசீவர் எனப்படும் உடற்பகுதி. வரிசை எண் அதில்தான் இருக்கும். அதை வாங்கும்போதுதான் உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் படிவம் நிரப்பி, பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட வேண்டும். மற்ற பாகங்கள் கூட்டாட்சிச் சட்டத்தின் பார்வையில் வெறும் உதிரி. சாதாரண சரக்கு மாதிரி தபாலில் வந்துவிடும்.

எது ரிசீவர் என்பது மாடலுக்கு மாடல் மாறும். எம்16-உம் சேர்ந்த ஏஆர்-15 வகையில் விசை பொருந்தும் கீழ்ப்பகுதி. பெல்ஜியத்தின் எஃப்ஏஎல் ரைபிளில் மேல்பகுதி. இந்த ஒரு பாகத்தைப் புதிதாக, சட்டப்படி, பாதித் தானியங்கியாக மட்டுமே இயங்கும்படி செய்துவிட்டால் அதைச் சுற்றிலும் பழைய ராணுவ உதிரிகளைப் பூட்டலாம். இந்தப் பொழுதுபோக்கு முழுவதும் நிற்பது இந்தத் திறப்பின் மேல்தான்.

பெரும்பாலான குளோன்கள் பேய்த் துப்பாக்கி அல்ல என்பதும் இதிலிருந்தே தெரியும். எண் பொறித்த ரிசீவரைக் கடையில் முறையாக வாங்கித்தான் ஆரம்பிக்கிறார்கள். 2022-ல் துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப் கொண்டுவந்த விதி, அரைகுறையாக முடித்த ரிசீவரையும் கிட்டையும் எண் இல்லாமல் விற்பதைக் குறிவைத்தது. 2025 மார்ச் 26 அன்று உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் அந்த விதியை ஏற்றுக்கொண்டது. எண் உள்ள ரிசீவரில் கட்டுகிறவருக்கு அந்தத் தீர்ப்பால் பெரிய மாற்றம் இல்லை.

அசலையே ஏன் வாங்கக்கூடாது?

சில ரைபிள்களை அசலாகவே வாங்கலாம். எம்1 காரண்ட் அதற்கு நல்ல உதாரணம். ஒவ்வொரு சுடலுக்கும் விசையை ஒருமுறை அழுத்த வேண்டிய பாதித் தானியங்கி அது. 1936-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது. 50 லட்சத்துக்கு மேல் தயாரானது. சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம், சுருக்கமாக சிஎம்பி, என்ற அமைப்பு ராணுவக் கிடங்கிலிருந்து வந்தவற்றைத் தகுதியுள்ள குடிமக்களுக்குப் பல்லாண்டுகளாக விற்று வருகிறது.

சிக்கல் அதற்குப் பிறகு வந்த தலைமுறையில். அமெரிக்காவின் எம்14, எம்16, பெல்ஜியத்தின் எஃப்ஏஎல், ஜெர்மனியின் ஜி3 போன்றவை விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும் அமைப்பு கொண்டவை. சட்டத்தின் கண்ணில் அவை இயந்திரத் துப்பாக்கிகள். கதவுகள் ஒவ்வொன்றாக மூடிய வரிசை இது:

1. 1934: நேஷனல் ஃபயர்ஆர்ம்ஸ் ஆக்ட். இயந்திரத் துப்பாக்கி, சத்தம் குறைக்கும் கருவி, 18 அங்குலத்துக்குக் குறைந்த (இன்றைய வரம்பு 16 அங்குலம்) குழல் கொண்ட ரைபிள் ஆகியவற்றுக்குப் பதிவும் 200 டாலர் வரியும் வந்தன. அன்று 200 டாலர் மிகப் பெரிய தொகை. பிறகு 90 ஆண்டுகளுக்கு மேல் அது உயரவே இல்லை.

2. 1968: கன் கன்ட்ரோல் ஆக்ட். வெளிநாட்டு ராணுவங்கள் கழித்துவிட்ட துப்பாக்கிகளின் இறக்குமதி நின்றது. 50 ஆண்டு கடந்த, சேகரிப்புக்குரிய வகைகளுக்கு 1984-ல் கொஞ்சம் வழி திறந்தார்கள்.

3. 1986 மே 19: அந்த நாளுக்குள் பதிவாகாத எந்த இயந்திரத் துப்பாக்கியையும் இனி சாதாரணக் குடிமகன் வைத்திருக்க முடியாது. கையிருப்பு அன்றோடு உறைந்தது. தேவை மட்டும் கூடிக்கொண்டே போனதால், சட்டப்படி கைமாறக்கூடிய எம்16 இன்று பல பத்தாயிரம் டாலருக்குப் போகிறது.

4. 1989: வெளிநாட்டில் செய்த ராணுவ பாணிப் பாதித் தானியங்கி ரைபிள்களின் இறக்குமதிக்குத் தடை. ஜி3-யின் குடிமக்கள் வடிவமான எச்கே91 இதில் அடிபட்டது.

5. 2005: உதிரிக் கிட்களோடு குழல்களையும் இறக்குமதி செய்ய ஏடிஎஃப் அனுமதி மறுத்தது.

ஒவ்வொரு கதவு மூடும்போதும் அசல் எட்டாத உயரத்துக்குப் போனது. நகலுக்கான ஆசை அந்த அளவுக்கு வளர்ந்தது. 1986 தடை இல்லாமல் இருந்திருந்தால் எம்16 குளோன் என்ற ஒரு துறையே இவ்வளவு பெரிதாகியிருக்காது என்பது என் கணிப்பு.

வெட்டிய துப்பாக்கியிலிருந்து கிட்

ஏதோ ஒரு நாட்டு ராணுவம் பழைய ரைபிள்களைக் கழிக்கிறது. ரிசீவரை ஏடிஎஃப் சொல்லும் முறையில் தீயால் வெட்டித் துண்டாக்குகிறார்கள். மிச்ச பாகங்கள் மூட்டையாக அமெரிக்காவுக்கு வருகின்றன. ஒருமுறை இயந்திரத் துப்பாக்கியாக இருந்த ரிசீவர் எப்போதும் இயந்திரத் துப்பாக்கிதான் என்பது ஏடிஎஃப்பின் நிலைப்பாடு. அதில் தானியங்கிப் பாகத்தைக் கழற்றிவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. வெட்டினால்தான் அது உலோகத் துண்டாகிறது.

இங்கே வருகிறது பலரைத் திணறடிக்கும் ஒரு கணக்கு. கூட்டாட்சிச் சட்டத்தின் 922-ஆம் பிரிவின் ஆர் உட்பிரிவு, இறக்குமதித் தடை உள்ள ஒரு ரைபிளை வெளிநாட்டு உதிரிகளைக் கொண்டு உள்நாட்டில் அப்படியே பூட்டிவிடக்கூடாது என்கிறது. விதிமுறையில் 20 பாகங்களின் பட்டியல் இருக்கிறது. ரிசீவர், குழல், போல்ட், விசை, பின்கட்டை, கைப்பிடி, மேகசினின் உடல் என்று போகும். இவற்றில் 10-க்கு மேல் வெளிநாட்டவையாக இருக்கக்கூடாது.

விளைவு வேடிக்கையானது. எஃப்ஏஎல்லின் ஆஸ்திரிய வடிவமான எஸ்டிஜி58-ஐ அச்சு அசலாகக் கட்ட நினைப்பவர், சட்டத்தை மதிப்பதற்காகவே அதன் அசல் ஆஸ்திரிய விசையையும் சுத்தியலையும் கழற்றிவிட்டு அமெரிக்கத் தயாரிப்பைப் போட வேண்டியிருக்கும். மேகசின் மூன்று பாகங்களாக எண்ணப்படுவதால், அமெரிக்க மேகசின் ஒன்றைப் போட்டாலே கணக்கில் மூன்று குறையும். வெளியே தெரியும் பாகங்களை அசலாக வைத்து, உள்ளே மறைவதை உள்நாட்டுச் சரக்காக மாற்றுவதுதான் வழக்கமான சமரசம்.

2005-க்குப் பிறகு வந்த கிட்களில் குழலே இல்லை. ராணுவக் குழலோடு வந்த பழைய கிட்டுக்கு அதனால்தான் தனி மவுசு. அந்தத் தடையால் உள்நாட்டில் குழல் செய்கிறவர்களுக்குப் புதுச் சந்தை கிடைத்தது என்பது அதன் மறுபக்கம்.

ஏஆர்-15 குடும்பத்துக்கு இந்த 922 தலைவலி கிடையாது, பிறந்ததே அமெரிக்காவில்தான். எம்16 குளோன்கள் இவ்வளவு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

எந்த நாளின் எம்16?

குளோன் கட்டுவதில் சுவையான பகுதி இதுதான். வடிவமைப்பாளர் யூஜின் ஸ்டோனர் ஆர்மலைட் நிறுவனத்தில் இருந்தபோது உருவான ஏஆர்-15-இன் உரிமையை 1959-ல் கோல்ட் நிறுவனம் வாங்கியது. அதன் பிறகு ராணுவம் அதை எம்16 என்ற பெயரில் ஏற்று, மாற்றிக்கொண்டே இருந்தது. எனவே ‘வியட்நாம் எம்16’ என்று பொதுவாகச் சொன்னால் ஆர்வலர் அடுத்த கேள்வி கேட்பார்: எந்தப் படை, எந்த ஆண்டு?

விமானப்படை வாங்கிய எம்16-இல், தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டை முன்னே தள்ளி மூடும் பொத்தான் இல்லை. தரைப்படை அது வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் எக்ஸ்எம்16இ1 வந்தது. 1967-ல் அது எம்16ஏ1 என முறையான பெயர் பெற்றது. ஆரம்ப ரைபிள்களின் குழல்முனையில் தீப்பொறியை மறைக்கும், மூன்று பல் கொண்ட திறந்த ஃபிளாஷ் ஹைடர் இருந்தது. காட்டில் கொடியும் செடியும் மாட்டிக்கொண்டதால் பிறகு முனை மூடிய ‘பறவைக்கூண்டு’ வடிவம் வந்தது. ரிசீவரின் வலப்பக்கத்தில் மேகசின் பொத்தானைச் சுற்றி மேடு இல்லாமலிருந்து, பாதி மேடாகி, முழு மேடானது. போல்ட் நகரும் தொகுதி முதலில் குரோம் பளபளப்பு, பிறகு கறுப்பு. ரிசீவரின் மேல்பூச்சு சாம்பல் நிறத்தில் இருந்து கறுப்பை நோக்கி நகர்ந்தது. அந்தச் சாம்பல் நிறத்தின் சரியான சாயல் எது என்று மட்டுமே மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள்.

தோற்றத்தில் தெரியாத, ஆனால் குண்டு போகும் பாதையை நேரடியாகப் பாதிக்கும் ஒன்று குழலின் உட்புறச் சுருள் வரி. மிக ஆரம்பத்தில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குளிர்ந்த, அடர்த்தியான காற்றில் குண்டு நிலைதடுமாறியதால் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று ஆக்கினார்கள். 1980-களில் வந்த எம்16ஏ2 கனமான புதுக் குண்டுக்காக 7 அங்குலத்துக்கு ஒரு சுற்றுக்கு மாறியது.

இதனால் வரும் தொல்லை: காலத்துக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்று 12-க்கு ஒன்று குழலைப் போட்டுவிட்டு, இப்போது ராணுவத் தரம் என்று விற்கும் 62 கிரெயின் எடையுள்ள குண்டைச் சுட்டால் அது நிலைபெறாமல் உருண்டு, இலக்கில் பக்கவாட்டாகப் போய்ப் பதியும். அந்தக் குழலுக்கு அந்தக் காலத்து எடையான 55 கிரெயின் குண்டே பொருந்தும். நகலின் துல்லியம் தோட்டாப் பெட்டி வரை பின்தொடர்ந்து வருகிறது.

உதிரி தேடுவது ஒரு காலத்தில் புதையல் வேட்டை. இப்போது அவ்வளவு கஷ்டமில்லை. உதிரி விற்கும் நிறுவனமான பிரவுனெல்ஸ் 2018-ல் பழைய மாடல்களின் நகல் வரிசையையே இறக்கியது. எம்16ஏ1-ஐ கோல்ட்டுக்கு வெளியே இரண்டு நிறுவனங்களும் 1968 ஒப்பந்தங்களின்கீழ் செய்தன: ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேடிக் பிரிவு, ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன். இரண்டாவது பெயர் பின்னர் கைமாறி, இன்று அந்த முத்திரையிலேயே புது நகல்கள் வருகின்றன. வசதிதான். ஆனால் கடையிலேயே முழுதாகக் கிடைப்பதை வாங்குவதும் ‘கட்டுவதும்’ ஒன்றா என்ற முணுமுணுப்பும் கூடவே கிளம்பியது.

மூன்றாவது துளை

அசல் எம்16 ரிசீவரில் சுடும் முறையைத் தேர்வு செய்யும் நெம்புகோலுக்கு மேலே கூடுதலாக மூன்றாவது துளை ஒன்று இருக்கும். தொடர் சுடலுக்கான ஒரு பாகத்தைத் தாங்கும் ஊசி அங்கேதான் நிற்கும். குளோனில் அந்தத் துளை இல்லாவிட்டால் பார்த்தவுடன் ‘இது குடிமக்கள் ரைபிள்’ என்று தெரிந்துவிடும். துளையைப் போட்டாலோ அது பதிவாகாத இயந்திரத் துப்பாக்கி: 10 ஆண்டு வரை சிறை. ஆகவே ரிசீவரின் மேற்பரப்பில் அந்த ஊசியின் தலை போலவும், ‘தானியங்கி’ என்ற எழுத்து போலவும் வெறும் பொறிப்பு மட்டும் செய்கிறார்கள். உள்ளே எதுவும் கிடையாது.

எம்14-இலும் இதே கதைதான். ராணுவம் செய்த எம்14 ரிசீவர் இயந்திரத் துப்பாக்கி என்பதால், இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி என்ற தனியார் நிறுவனம் 1970-களிலிருந்து எம்1ஏ என்ற பெயரில் பாதித் தானியங்கி ரிசீவரைச் செய்து விற்கிறது. மாசசூசெட்ஸில் இருந்த அரசு ஆயுதசாலையும் அதே பெயர் கொண்டது. அதை 1968-ல் மூடிவிட்டார்கள். இரண்டுக்கும் பெயரைத் தவிர உறவில்லை.

சுடும் போட்டிக்காகக் கட்டுகிறவர்கள்

எல்லோரும் கண்ணாடி அலமாரிக்காகக் கட்டுவதில்லை. ஒஹையோவில் ஈரி ஏரியின் கரையில் இருக்கும் கேம்ப் பெர்ரியில் சிஎம்பி நடத்தும் பழைய ஸ்னைப்பர் ரைபிள் போட்டி 2011 முதல் நடக்கிறது. சுடுபவர் ஒருவர், பக்கத்தில் காற்றைக் கணிப்பவர் ஒருவர் என இரண்டு பேர் அணி. 300 கெஜம், 600 கெஜம் தூரங்கள். நகல்களுக்கும் இடமுண்டு.

அங்கே அதிகம் தென்படும் முகம் எம்1903ஏ4 என்ற ஸ்னைப்பர் ரைபிள். இரண்டாம் உலகப் போரில் ரெமிங்டன் ஏறத்தாழ 28,000 செய்தது. அதில் பூட்டிய தொலைநோக்கி வேட்டைக்காரர்கள் கடையில் வாங்கும் வீவர் 330-தான், உருப்பெருக்கம் மூன்று மடங்குகூடக் கிடையாது. இன்று அசல் கிடைத்தாலும் லென்ஸ் மங்கியிருக்கும், விலையும் அதிகம். அதனால் சாதாரண 1903ஏ3-ஐ எடுத்து, புதிதாகச் செய்த நகல் தொலைநோக்கியைப் பூட்டிப் போட்டிக்குப் போகிறார்கள். 80 ஆண்டுப் பழைய அசலை மழையில் நனைக்காமல் இருப்பதற்கும் இது நல்ல காரணம்.

நகல் எப்போது போலியாகிறது?

கட்டியவர் கையில் இருக்கும்வரை அது நகல். இரண்டு கை மாறி, யாரோ ஒருவர் அசல் விலை கேட்டால் அது போலி. இந்த எல்லையில்தான் அசலைச் சேகரிப்பவர்களுக்கும் குளோன்காரர்களுக்கும் நீண்ட நாள் பகை.

1903ஏ4-இல் ஓரளவு பாதுகாப்பு உண்டு. தொலைநோக்கித் தாங்கி எழுத்தை மறைத்துவிடும் என்பதால் ராணுவமே மாடல் பெயரையும் வரிசை எண்ணையும் ரிசீவரின் இரு பக்கமாக ஒதுக்கிப் பொறித்தது. சாதாரண ஏ3-இல் அவை நடுவில் இருக்கும். எழுத்தின் இடத்தைப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். காரண்டின் ஸ்னைப்பர் வடிவமான எம்1டி-யில் அந்த வசதி இல்லை. தாங்கியின் அடிப்பகுதி குழலில்தான் இருக்கிறது. ரிசீவர் சாதாரண காரண்டுடையதே. எம்1டி குழலை எந்தக் காரண்டில் பூட்டினாலும் அது எம்1டி ஆகிவிடும். அசல் என்று நிரூபிக்க அரசு விற்பனைச் சீட்டைத் தவிர வேறு நம்பகமான வழி குறைவு.

‘சரியான’ காரண்ட் என்ற மோகத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாகத்திலும் உள்ள வரைபட எண்ணைப் பார்த்து, ரிசீவர் தயாரான மாதத்துக்குப் பொருந்தும் பாகங்களை மட்டும் சேர்த்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்தபடி ஆக்குகிறார்கள். ஆனால் போருக்குப் பின் ராணுவ ஆயுதசாலைகள் காரண்ட்களை மொத்தமாகக் கழற்றி, பாகங்களைக் கலந்து, மறுபடி பூட்டி அனுப்பின. கலப்படமாகத் தெரியும் துப்பாக்கிதான் உண்மையான சேவை வரலாற்றோடு இருக்கிறது. ‘சரியானது’ போன வாரம் யாரோ மேசையில் வைத்துச் சேர்த்தது. இதில் நான் கலப்படத்தின் பக்கம்.

எதை நகலெடுக்கிறார்கள் என்பதிலும் கொஞ்சம் அரசியல் உண்டு. பச்சையும் மஞ்சள்பழுப்புமாகத் தூரிகையால் பூசிய ரொடீசியப் (இன்றைய ஜிம்பாப்வே) படையின் எஃப்ஏஎல் நகல் சில வட்டாரங்களில் பிரபலம். தோற்றம் பிடித்துக் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். வெள்ளைச் சிறுபான்மை ஆட்சி ஒன்றின் மீதான ஏக்கத்தோடு கட்டுபவர்களும் இருக்கிறார்கள். 2015-ல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் கறுப்பினத்தவர் ஒன்பது பேரைக் கொன்ற வெள்ளை இனவெறியன் ரொடீசியக் கொடியை மேலாடையில் ஒட்டிக்கொண்டிருந்தான். வெறும் வண்ணம்தானே என்று தள்ளிவிட முடியாது.

2026-இல் எது மாறியது, எது மாறவில்லை

வியட்நாமில் சிறப்புப் படைகள் சுமந்த குட்டை ரைபிளான எக்ஸ்எம்177இ2-வுக்குக் குழல் 11.5 அங்குலம்தான். அதன் முனையில் இருந்த, சத்தத்தையும் தீப்பொறியையும் அடக்கும் கருவியை ஏடிஎஃப் சைலன்சர் வகையில் சேர்த்துவிட்டது. இதனால் குளோன்காரர் இரண்டில் ஒன்றைச் செய்துவந்தார்: 200 டாலர் கட்டிக் குட்டைக் குழல் ரைபிளாகப் பதிவு செய்வது, அல்லது சற்று நீளமான குழலில் உள்ளீடற்ற போலிக் கருவியை நிரந்தரமாகப் பற்றவைத்து மொத்த நீளத்தை 16 அங்குலமாக்குவது. இரண்டாவது வழியில் விகிதம் கெடும். கூர்ந்து பார்ப்பவருக்கு அது உறுத்தும்.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் இந்த வரியைத்தான் பூஜ்யமாக்கியது. எனவே:

1. குட்டைக் குழல் குளோனுக்கும் சைலன்சருக்கும் வரி இல்லை. விண்ணப்பம், விரல்ரேகை, ஒப்புதல் வரும்வரை காத்திருப்பது எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒப்புதலுக்கு முன் பூட்டினால் பழைய குற்றமேதான்.

2. இயந்திரத் துப்பாக்கிகளுக்கு 200 டாலரும் 1986 தடையும் தொடர்கின்றன. மூன்றாவது துளை இன்றும் சிறைவாசல்தான்.

3. மாநிலச் சட்டம் தனி. கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி போன்ற இடங்களில் ராணுவ பாணி ரைபிளுக்குத் தனித் தடைகள் உண்டு. கூட்டாட்சி வரி போனது அங்கே இருப்பவருக்கு உதவாது.

இன்னொரு கேள்வி நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. 1934 சட்டம் ஒரு வரிச் சட்டம் என்ற அடிப்படையில்தான் 1937-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. வரியே பூஜ்யமான பிறகு பதிவேட்டை எந்த அதிகாரத்தில் நடத்துகிறீர்கள் என்று துப்பாக்கி ஆதரவு அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. பதிவேடு அரசியல் சாசனப்படி வேறு காரணங்களாலும் நிற்கும் என்று வாதாட முடியும். அந்த வாதம் தோற்றால் 11.5 அங்குலக் குழல் சாதாரண உதிரியாகிவிடும். நீளத்தை ஈடுகட்டப் பற்றவைத்த போலிக் கருவிகளும் சந்தையில் விலைபோகாமல் தேங்கும். ஜெயித்தால் குளோன்காரருக்கு மிச்சம் 200 டாலர் மட்டுமே.